சவேரியம்மாள் நடித்த பேய்ப்படம்

தம்மாம்
11.3.1988

ஹாஜா முகைதீனுக்கு வேதமுத்து எழுதுவது. ‘அன்புள்ள’ என்று போட இன்றைக்குக் கை வரவில்லை.

வாவு முகம்மது ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். உன் வீடியோ கடையில் நீ கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொட்டலமும் இரண்டு கேசட்டும் கொடுத்தார். ஒன்று கீழக்கரைக் கல்யாணம். இன்னொன்றின் மேல் உன் கையெழுத்தில் ‘கொள்ளிவாய்ப் பிசாசுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பாம்பன் கலைஞர்கள் வழங்கும் சிரிப்புப் படம்’ என்று இருந்தது. நேற்று எங்கள் கேம்பில் லீவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கேசட் அலமாரிச் சாவி வைத்திருக்கும் சதக்கத்துல்லா அண்ணன்தான் அதைப் போட்டார். பாம்பன் படம் என்றதும் நான்தான் எல்லாரையும் இழுத்து உட்கார வைத்தேன்.

தனுஷ்கோடி ஸ்டேஷன் இடிசுவருக்குப் பின்னாலிருந்து பேய் எட்டிப் பார்த்தது. அது என் அம்மா.

அப்பா செத்தபோது எடுத்த வெள்ளைச் சேலை அது, ஹாஜா. அதைக் கட்டிக்கொண்டு, தலையில் சவுரியை மாட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள். சவுரி காற்றில் பறக்கிறது, அதைத் துரத்திக்கொண்டு மணலில் விழுகிறாள். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவன் ‘பேய்க்கிழவி’ என்று பெயரே வைத்துவிட்டான். அது யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது, சேசு காப்பாற்றினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

புயலில் அத்தனை சனம் செத்த இடத்தில் போய்க் கூத்தடிக்க உனக்கு எப்படி மனம் வந்தது? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையை வைத்து ஊர் சிரிக்கப் படம் எடுத்திருக்கிறாய். உன் கடையில் இருக்கும் ஒரிஜினலை அழித்துவிடு. இங்கே வந்ததை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேதமுத்து


786
பாம்பன்
2.4.1988

அன்புள்ள மாப்ள முத்துவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், உன் விஷயத்தில் அது ரொம்பச் சரி.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். பேயாக நடிக்க வந்தவன் என் மச்சினன். அவனுக்குச் சேலை கட்டி, பவுடர் அடித்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். தனுஷ்கோடிக் குடிசையில் இருக்கும் உன் சின்னம்மாவைப் பார்க்க வேண்டுமென்று உன் அம்மாவும் அதே ஜீப்பில் வந்தார்கள். ஷூட்டிங் நடக்கும்போது ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நாலாவது டேக்கில் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார்கள்.

“ஏலே ஹாஜா, பேய் இப்பிடியா ஓடும்? பஸ்ஸ விட்டவன் மாதிரில்ல ஓடுறான். இவன அங்கிட்டு நிப்பாட்டு.”

சேலையும் அவர்கள் சொன்னதுதான். “வெள்ளச் சேலைக்கு எங்கன போவ? நான் கட்டியிருக்கதே வெள்ளதான?” என்றார்கள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏனென்றால் ஒரே ஒரு தடவை ஓடிக் காட்டினார்கள் பார், கேமராவைத் தோளில் வைத்திருந்த நான் சிரித்த சிரிப்பில் அந்த ஷாட் முழுக்க ஆடியிருக்கும். சவுரி பறந்தது நாங்கள் எழுதி வைத்தது இல்லை. அதைத் துரத்தியதும், விழுந்ததும், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்ததும் அவர்களே செய்தது. படத்தில் நல்ல இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மந்திரவாதி தும்முகிற காமெடி.

புயலில் செத்தவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கேமராவை வைக்கும் முன்னால் உன் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னார்கள். “கோவிச்சுக்காதிய, சும்மா வெளையாட்டுக்குத்தான்” என்று இடிசுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் சவுரியை மாட்டினார்கள்.

அழிக்க மாட்டேன். கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லைக்கூட உடைத்து வைத்துவிட்டேன், தவறிப்போய் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று. அம்மாவுக்குக் கண்ணில் புரை. கடையில் போட்டுக் காட்டியபோது, “வெள்ளையா என்னமோ ஓடுது, நான்தானா அது?” என்று கேட்டார்கள். ஆபரேஷன் ஆன பிறகு தெளிவாகப் பார்க்க வேண்டுமாம்.

உன்
ஹாஜா


தம்மாம்
25.4.1988

ஹாஜாவுக்கு,

உனக்கு எல்லாமே படம்தான். இத்துப்போன பழைய ரீல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, டெண்டுக் கொட்டகைக் குப்பையைக் கேசட்டில் ஏற்றிப் பாதுகாக்கிறாய். அதை மெச்சியவன் நான்தான். உயிரோடு இருக்கிற மனுஷியின் மானத்தைப் பாதுகாக்கத் தெரியவில்லையே உனக்கு.

அம்மா அப்படித்தான். நாம் எட்டாவது படிக்கும்போது கருவாட்டுக் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுகொண்டு, கணக்கு வாத்தியார் மூக்குறிஞ்சுவதைப் போல் செய்து காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களெல்லாம் சிரித்தீர்கள். வாத்தியார் பின்னாலேயே நின்றார். அன்றைக்கு நான் போய் ஒளிந்துகொண்ட இடம் எனக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது என்றால், கூட இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் இந்தப் படத்தைப் போட்டுப் பார்க்க மாட்டார்களா? இது கடைசித் தடவையாகக் கேட்கிறேன். அவள் எனக்கு அம்மா, உனக்கு இல்லை. அழிக்காவிட்டால் நமக்குள் இனிமேல் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லாதே.

வேதமுத்து


786
பாம்பன்
20.5.1988

முத்து,

அழித்துவிட்டேன். உடைந்த பல் இருந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி, அதன் மேலேயே ஒரு பழைய பக்திப் படத்தைப் பதிந்துவிட்டேன். உச்சிப்புளி டெண்டுக் கொட்டகையில் கிடந்த ரீல். இனி அது திரும்ப வராது.

ஹாஜா


786
பாம்பன்
4.12.1988

அன்புள்ள முத்து,

ஆறு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அம்மாவின் கடிதத்தை எழுதிக் கொடுப்பது நான்தான், உனக்குத் தெரியும். அதில் என் பெயரில் ஒரு வரிகூடச் சேர்க்காமல் அவர்கள் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இது எனக்காக எழுதுவது.

கண் ஆபரேஷன் அல்லாஹ் உதவியால் நல்லபடியாக முடிந்தது. ராமநாதபுரத்துக்குப் புதுப் பாலத்தில் பஸ்ஸில்தான் கூட்டிப்போனோம். போகும்போது, “கடலு எங்கன இருக்கு, காத்துதான் தெரியுது” என்றார்கள். போன வாரம் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு நேரே எங்கே வந்தார்கள் தெரியுமா? கோவிலுக்கு இல்லை. என் கடைக்கு.

“ஏலே, இப்பப் போடு பாப்போம்.”

கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வாய்க்கு வந்த பொய் அதுதான். அவர்கள் கொஞ்சமும் அசரவில்லை.

“பூஞ்சைதான? கருவாட்டுல புடிக்காத பூஞ்சையா? உப்புத் தண்ணி படாம ரெண்டு நாளு வெயில்ல காயப் போடு. மூணாம் நாளு தானா உதுந்துரும். பக்குவம் எனக்குத் தெரியும், இங்கன குடு.”

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் மாப்ள. வேறொரு காலிக் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அது உன் வீட்டு வாசலில், நெத்திலி காயும் பாய் ஓரத்தில், வெயிலில் கிடக்கிறது. அரை மணிக்கொரு தடவை திருப்பிப் போடுகிறார்கள். காக்காயை விரட்டுகிறார்கள்.

உங்கள் கேம்பில் ஒரு காப்பி இருக்கிறதே, அதை அனுப்பு. காப்பிக்குக் காப்பி எடுத்துக் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு தடவை அவர்கள் பார்த்துவிட்டால் போதும்.

ஹாஜா


தம்மாம்
6.1.1989

அன்புள்ள ஹாஜா,

கேசட்டை அனுப்ப முடியாது. காரணத்தை எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

மார்ச்சில் நான் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. நான் எழுந்து வெளியே போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவன் என் முதுகில் தட்டி, “உங்கூரு பேயப் பாரு மக்கா” என்றான். எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் சிரித்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானே ஒருவன், அவனைப் போல. மற்றவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன். மணலில் அவள் விழுந்தபோது இன்னும் சத்தமாக. அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அப்போதும் சிரித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வந்த புதிதில், அம்மா என்ன செய்கிறார் என்று இங்கே கேட்டார்கள். கான்வென்டில் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மற்றவர்களின் வீட்டுப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வாயில் வந்துவிட்டது. பிறகு ஒரு பொய்க்கு ஒன்பது பொய். ரிட்டயர் ஆகப்போகிறாள் என்றேன், இங்கிலீஷ் நடத்துவாள் என்றேன். ஆசிரியர் தினத்துக்கு ஒருவன் என்னிடம் வாழ்த்துகூடச் சொன்னான்.

கேசட் சதக்கத்துல்லா அண்ணன் அலமாரியில் பூட்டி இருக்கிறது. எனக்கு ஏன் வேண்டும் என்று கேட்பார். நான் என்ன சொல்வது? அந்தப் பேய்தான் இங்கிலீஷ் டீச்சர் என்றா?

அம்மாவிடம் வேறு ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்குப் பேசத் தெரியும்.

வேதமுத்து


786
பாம்பன்
29.1.1989

அன்புள்ள முத்து,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்ததால் எனக்குத் தெரிந்தது மறந்துபோய்விடாது.

சமாளிக்கச் சொன்னாய். கதை அதைத் தாண்டிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நான் பாங்கு கேட்டு அசர் தொழப் போயிருந்த நேரத்தில் அம்மா கடைக்கு வந்திருக்கிறார்கள். அலமாரியில் பச்சை உறை போட்ட கேசட் அது ஒன்றுதான். முன்பு நான் போட்டுக் காட்டியபோது நிறம் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நான் திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“காயப் போட்டது வேற கேசட்டு. இதுதான நம்ம படம்? பூஞ்சையும் காணும், ஒண்ணும் காணும். போடு.”

போட்டேன். பழைய படம் ஓட ஆரம்பித்தது. சாமி வந்தார், நாரதர் வந்தார், பாட்டு வந்தது. ஒவ்வொரு ரீலாகச் சுவரில் ஓட்டி, அதைக் கேமராவால் நான் பிடித்த பிரதி அது. அதனால் சாமி வரம் கொடுக்கும் இடத்தில் பின்னால் எங்கள் பள்ளிவாசல் பாங்கு கேட்கும். அதற்கும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“படம் நல்லாத்தான் இருக்கு. நான் எப்ப வருவேன்?”

மாப்ள, டிவி சத்தத்தைக் குறைத்தேன். நான்தான் தப்பாகப் பதிந்து அழித்துவிட்டேன் என்று சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை. “சரி, போனாப் போவுது” என்றார்கள். ஆனாலும் எழுந்து போகாமல் அந்தப் படத்தை வணக்கம் போடும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் பொய் சொல்கிறேனோ, கடைசியில் வந்துவிடுவோமோ என்று பார்த்தார்கள் என நினைக்கிறேன்.

நீ உன் அசிங்கத்தைச் சொல்லிவிட்டாய். என்னுடையதையும் கேள். நீ அழிக்கச் சொன்னதால்தான் அழித்தேன் என்று இத்தனை மாதமும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் உச்சிப்புளிக் கொட்டகை ரீல்களை உருக்கி வளையல் செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டு போக இருந்தார்கள். எனக்கு இரண்டே நாள் தவணை. கடையில் காலிக் கேசட் ஒன்றுகூட இல்லை, மதுரையிலிருந்து வரவும் இல்லை. ரீல் பெட்டியைத் திறந்தால் காடி நாற்றம் அடித்தது. இன்னும் ஒரு மழைக்குத் தாங்காது. அப்போது உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. உன் மேல் கோபம் இருந்தும் அதை எடுத்துப் படித்து, ‘அவனே சொல்லிவிட்டானே’ என்று செலோடேப்பை ஒட்டினேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேனோ என்னவோ. எவனோ எடுத்த, எவனும் கேட்காத ஒரு படத்தைக் காப்பாற்ற, தினமும் என் கடை வாசலில் கூடையை இறக்கிவைத்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகும் மனுஷியை அழித்தேன்.

இப்போது உலகத்தில் அவர்கள் இருப்பது உங்கள் கேம்ப் அலமாரியில் மட்டும்தான். வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, உன்னைக் கெஞ்சுகிறேன். அண்ணனிடம் போய்க் கேள்.

ஹாஜா


தம்மாம்
3.3.1989

அன்புள்ள ஹாஜா,

கேட்டுவிட்டேன். கேட்கவே இரண்டு வாரம் ஆனது. அலமாரிப் பக்கம் போவேன், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அம்மா ‘நான் எப்ப வருவேன்’ என்று கேட்டதை நீ எழுதியிருந்த தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று மதியம் சதக்கத்துல்லா அண்ணன் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

“அண்ணே, அந்தப் பேய்ப் படம் கேசட் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“அதுல வர்றது எங்கம்மா.”

அவர் வெங்காயத்தைக் கீழே வைக்கவே இல்லை. உரித்துக்கொண்டே சொன்னார்.

“தெரியும்பா.”

எப்போதிலிருந்து என்றேன். முதல் நாளே தெரியுமாம். அவருக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு ஹாலில் இருந்த பாதிப் பேருக்கு.

“அந்தம்மா மணல்ல உக்காந்து தொடையத் தட்டிச் சிரிக்கிறாங்க. நீ இங்கன உக்காந்து தொடையத் தட்டிச் சிரிக்கிற. அவுகளுக்கும் சிரிப்பு முத்தி விக்கல் வருது, ஒனக்கும் வருது. படத்தப் பாக்கவா, ஒன்னப் பாக்கவான்னு ஆயிப்போச்சு. நீயா சொல்லுவன்னு இருந்தோம். நீ சொல்லல. இன்னும் சத்தமாச் சிரிச்ச. அப்புறம் எப்பிடிப்பா கேக்குறது?”

டீச்சர் கதையைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அத விடு” என்று கையை ஆட்டினார். விடு என்றால், அதுவும் தெரியும் என்று அர்த்தம். அந்தப் படத்தை அதற்குப் பிறகு ஒருவரும் போடச் சொல்லவில்லை. சலித்துவிட்டது, நல்லவேளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் போடாமல் இருந்திருக்கிறார்கள். ஒரு வருஷமாக அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் சோறு போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் தின வாழ்த்துச் சொன்னவனுக்கும் தெரிந்துதான் இருக்குமோ? அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாவு முகம்மது லீவில் வருகிறார். கேசட்டை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை யார் நடித்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நீ அழித்ததைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

முத்து


786
பாம்பன்
9.4.1989

அன்புள்ள மாப்ள,

கேசட் வந்தது. முதல் வேலையாக இரண்டு காப்பி போட்டு, மூன்றிலும் பல்லை உடைத்துவிட்டேன். ஒன்றை என் வீட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். ஈரம் அண்டாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வந்தார்கள். கோவிலுக்குக் கட்டிய சேலை, சோடாபுட்டிக் கண்ணாடி. கடையின் முன்வரிசையில் அவர்களை மட்டும் உட்கார வைத்தேன். முத்துதான் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று சொன்னேன். படம் ஓடியது. தன்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. “இம்புட்டுக் கறுத்தா போயிட்டேன்?” என்றார்கள். பிறகு, “அந்தச் சொவத்துக்கிட்ட இன்னுங் கொஞ்சம் நின்னுருக்கணும்” என்று தன் நடிப்பில் குறை சொன்னார்கள். சவுரி பறந்ததும், வெளியே நின்ற சனமெல்லாம் சிரித்தது. அவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“ஏலே ஹாஜா. எம்மவன் இதப் பாத்தானா?”

“பார்த்தான்மா.”

“சிரிச்சானா?”

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

“அவங் காயிதத்துல ஒரு சிரிப்பு இருக்கா? நலம், நலமறிய ஆவல். போஸ்டாபீசுல எழுதிப் போட்ட மாதிரி. இங்கன இருக்கும்போதும் அப்பிடித்தான், எங்கூடச் சிரிக்கவே மாட்டான், வெக்கப்படுவான். இந்தக் கேசட்டு சவுதிக்குப் போவுதுன்னு நீ சொன்னியா, அதான் ஓடுனேன். இல்லன்னா இந்தக் காலு வலியோட எனக்கு என்ன கிறுக்கா?”

இதை அவர்கள் படம் எடுத்தபோது என்னிடம் சொல்லவே இல்லை, முத்து. சொல்லியிருந்தால் உன் முதல் கடிதத்துக்கு நான் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன்.

“சிரிச்சான்மா. விக்கல் வார வரைக்கும் சிரிச்சானாம்” என்றேன். பொய் இல்லையே? நீயே எழுதியதுதான். அவர்கள் முகம் எப்படி ஆனது என்று நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரிய வேண்டுமென்றால் வந்து பார்.

உன் சிரிப்பு என்ன சிரிப்பு என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பது என் புத்தி. உன் புத்தி எப்படியோ.

ஹாஜா


தம்மாம்
5.5.1989

அன்புள்ள ஹாஜா,

நீ சொன்னது போல் விட்டுவிடலாம் என்றுதான் பத்து நாள் இருந்தேன். முடியவில்லை. நான் சிரித்ததை நினைத்து அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எண்ணும்போது, திருடிய பொருளை வைத்து வீட்டில் படையல் போட்ட மாதிரி இருக்கிறது. கீழே எழுதியிருப்பதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டு. ஒரு வார்த்தையையும் நயப்படுத்தாதே.

அம்மா, நான் சிரித்தது உண்மை. ஆனால் உன்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. நீ யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பயந்து, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இது என் அம்மா என்று நான் சொல்லவில்லை. இங்கே எல்லாரிடமும் என் அம்மா கான்வென்ட் டீச்சர் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கேசட்டை அழிக்கச் சொன்னதும் நான்தான், ஹாஜா இல்லை. உன் முன்னால் நின்று சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

வேதமுத்து


786
பாம்பன்
28.5.1989

அன்புள்ள முத்து,

படித்துக் காட்டினேன். உன் வீட்டு வாசலில் வைத்துத்தான். நெத்திலியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருந்ததற்கு, “படி, அவுக யாரு, நம்ம சனந்தான?” என்றார்கள் அம்மா. படித்து முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்கள்.

“போறான் போ. பேயக் காட்டி, இதுதான் எங்காத்தான்னு எவனாச்சும் சொல்லுவானா?”

அந்தப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பாரம் இறங்கியது போல இருந்தது. கேசட் விஷயத்துக்கு, “அழிச்சவனே திருப்பிக் குடுத்துட்டான், கணக்குத் தீந்துச்சு” என்றார்கள். சரி, உன் அம்மா உன் அம்மாதான் என்று எழுந்தேன். அப்போதுதான் அம்மா மட்டும் சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

“எழுதிக்க” என்றார்கள். தாளும் பேனாவும் என் பையில் இருந்தன. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ கேட்டபடி ஒரு வார்த்தையும் நயப்படுத்தவில்லை.

“வேதமுத்து, பேயின்னு சிரிச்சதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் பேயாத்தான் நடிச்சேன், சிரிக்கத்தான் நடிச்சேன். அழிக்கச் சொன்னதுக்கும் வருத்தம் இல்ல. ஆனா டீச்சர்னு ஏன் சொன்ன? நான் அந்த வேசம் போடவே இல்லியே. ஒன்னப் படிக்க வச்சது கருவாடுதான? அதச் சொல்ல என்ன?”

சொல்லிவிட்டு மறுபடி கல்லைப் பொறுக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பேசத் தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். தெரியும், மாப்ள. ஆனால் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

தாளை மடிக்கும்போது, “எப்ப வாரானாம்?” என்று மட்டும் கேட்டார்கள். தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் வேண்டாம். தேதியை மட்டும் எழுது.

ஹாஜா